ஒரு லோடு, மூன்று கடிதம்

“அண்ணா, இதெ எங்கெ தட்டணும்?”

டிப்பர் லாரியின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி சிஜு கேட்டான். எங்கே கொட்டுவது என்று, லோடு ஏற்றிய எந்த டிரைவரும் கேட்கிற சாதாரணக் கேள்விதான். எட்டு நாளாக மூச்சு விட நேரமில்லாமல் இந்த வேலையை நடத்திக்கொண்டிருந்த தேவகுமாரிடம் அதற்கு மட்டும் பதில் இல்லை.

“நீ முதல்லெ வண்டியெ கீழெ இறக்கு மக்கா, சொல்லுதேன்.”

“கீழெ எண்ணா எங்கெ?”

“எலே, குன்னுக்குக் கீழெ! பின்னெ என்ன பாதாளத்துக்கா?”

கைதவிளைக் குன்றின் உச்சியில் ஒரு ரப்பர் ஃபேக்டரி ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. பூட்டுவதற்கு முன் பத்தொன்பது வருஷம் தேவகுமார் அங்கே சூப்பர்வைசர். பூட்டிய பிறகு, ‘முன்னாள் சூப்பர்வைசர்’ என்று சொல்லிக்கொண்டு ஊரில் நடந்தார். அது அப்படி ஒன்றும் எடுபடவில்லை. போன மாசம் அந்த இடத்தை அபின் என்ற இளைஞர் வாங்கினார். கைதவிளா ரிசோர்ஸஸ் என்று கம்பெனிக்குப் பெயரும் வைத்துவிட்டார். தேவகுமாரைக் கூப்பிட்டு ஒரே நிபந்தனைதான் சொன்னார்.

“அங்கிள், வெள்ளிக்கிழமெ நாலு மணிக்கு ஆபீசர்மாரெயும் கூட்டிக்கிட்டு வாறேன். இடத்தெ அளந்து லைசென்ஸ் தருவாங்க. அப்பம் அங்கெ ஒரு துண்டு இரும்பு, ஒரு கல்லு கிடக்கப்பிடாது. கிடக்கல்லெண்ணா நீங்கதான் மேனேஜர். கிடந்தா, எனக்கு ஒரு மச்சினன் சும்மாதான் இருக்கான்.”

பிறகு போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டார். “ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் பற்றி ஐடியா உண்டுல்லா?”

“பின்னெ இல்லாமலா! நமக்குப் பழக்கம் உள்ள சோலியாக்கும் சாறே,” என்றார் தேவகுமார்.

கம்பெனி என்ன செய்யப்போகிறது என்று அவருக்குத் துளியும் தெரியாது. இப்படி ஒரு பதிலைச் சொன்ன பிறகு, ‘அது என்னதாக்கும்?’ என்று எந்த முகத்தோடு கேட்பது? வேலையில் சேர்ந்த பிறகு மெதுவாகத் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

வீட்டில் மனைவி சத்தியபாய் கேட்டபோது, “பெரிய கம்பெனியாக்கும்,” என்று மட்டும் சொன்னார். சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது எக்ஸ்போர்ட் கம்பெனி ஆகிவிட்டது. கூட்டம் முடிவதற்குள் தேவகுமார் அதற்கு மேனேஜரும் ஆகிவிட்டார். கேட்டில் மாட்டுவதற்குப் பெயர்ப்பலகை ஒன்றும் நெய்யாற்றின்கரையில் செய்யச் சொல்லியாகிவிட்டது. இனி அந்த வேலை கிடைக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போக முடியாது. போனாலும் சத்தியபாயோடு போக முடியாது.

இன்று அந்த வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணி.

இரும்பை ஒழிப்பதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. ரோலர், பைப், மோட்டார், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டு அள்ளிப் போனார்கள். கடைசியில் ஒரே ஒரு லோடு மிஞ்சியது. ரப்பர்பால் தொட்டிகளை இடித்த கான்கிரீட், அதற்குள் துருப்பிடித்த கம்பி, உடைந்த ஓடு, ஓட்டை விழுந்த தகரம். இரும்பென்று எடுத்தால் பாதி கல். கல்லென்று எடுத்தால் பாதி இரும்பு. சும்மா தருகிறேன் என்றாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

லாரி இறங்கத் தொடங்கியபோது தேவகுமாரின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“மேனேஜர் தேவகுமார் சாறா?”

காதில் தேன் பாய்ந்தது. “ஆமா, மேனேஜர்தான் பேசுதேன்.”

“எங்கெ வீட்டு பாத்ரூம் இடிச்ச கல்லு கொறெ குமிஞ்சு கிடக்கு சாறே. கொண்டு வரட்டா?”

தேன் அப்படியே கசந்தது. “உம்ம பாத்ரூமுக்கும் எனக்கும் என்னவே சம்பந்தம்? வையும் போனெ!”

யாரோ கேலி செய்கிறார்கள். எட்டு நாளாக மண்ணும் கல்லுமாகக் கிடக்கிறாரே, அது ஊர் கண்ணை உறுத்துகிறது. எல்லாம் இந்தச் சத்தியபாயின் வாயால் வந்தது.

குன்றின் அடிவாரத்தில் பச்சைக் கோட்டுப் போட்ட லேகா கையைக் காட்டி லாரியை நிறுத்தினாள். வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் சேகரிக்கும் பஞ்சாயத்தின் ஹரித கர்ம சேனையில் அவள் இருக்கிறாள். தேவகுமாருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. போன மாசம் அவர் கொடுத்த பால் கவர்களை, “கழுவி உணக்கித் தரணும் அண்ணா,” என்று பக்கத்து வீட்டார் முன்னால் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து அவள் வரும் நாளில் அவர் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்.

“அண்ணா, இந்த நோட்டீசெ ஒண்ணு வாசிச்சுப் பாருங்கொ. மூணு தடவெ வீட்டுக்கு வந்தேன், உங்களெ காணல்லெ.”

“நேரமில்லெ லேகா. தலைக்கு மேலெ சோலி கிடக்கு.”

“உங்க காரியம்தான் அண்ணா அது.”

‘என் காரியமா? என் வீட்டுப் பால் கவரைப் பற்றி நோட்டீசே அடித்துவிட்டாளா!’ மலையாளத்தில் அச்சடித்த அந்த ரோஸ் நிறத் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் திணித்தார்.

அதற்குள் ஒரு நல்ல செய்தி வந்தது. அதியன்னூரில் இருக்கும் பழைய நண்பர் செல்லசாமி போன் செய்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறதாம். கல்லும் மண்ணும் கொண்டு வந்தால் தட்டிக்கொள்ளலாமாம். தேவகுமாருக்கு உயிர் வந்தது.

“கேட்டியாலே சிஜு? அதியன்னூர்! விடு வண்டியெ!”

கைதவிளையிலிருந்து அதியன்னூருக்குப் போகும் சாலை ஒன்றுதான். வழியில் முந்நூறு மீட்டர் மட்டும் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டு, மறுபடியும் கேரளத்துக்கு வந்துவிடும். ஊர்க்காரர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மீன் வாங்கப் போகும்போது நாலு தடவை மாநிலம் மாறுவார்கள். போன வாரம் அந்த முந்நூறு மீட்டரின் தொடக்கத்தில் ஒரு தடுப்பு முளைத்திருந்தது. பக்கத்தில் பலகை: ‘கேரளக் கழிவு ஏற்றிய வாகனங்களுக்கு அனுமதி இல்லை.’

கான்ஸ்டபிள் கையைக் காட்டினார். ஊர் மதுரைப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“நிப்பாட்டு, நிப்பாட்டு. என்னப்பா லோடு?”

“இடிச்ச கல்லும் மண்ணும் சாறே,” என்றான் சிஜு.

“எங்கருந்து வருது?”

சிஜு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் தேவகுமார் மறுபக்கமாகக் குதித்து ஓடிவந்துவிட்டார். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே நிற்பவரின் சட்டையைப் பார்த்தே நாக்கு மாறிவிடும். தேவகுமார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வானொலிச் செய்தி வாசிப்பது மாதிரிச் சொன்னார்.

“ஐயா, இது நம்முடைய தமிழ்நாட்டுக் கழிவுதான் ஐயா.”

“வண்டி கேரளா நம்பரா இருக்கே?”

“வண்டிதான் ஐயா கேரளா. கழிவு நம்முடையது.”

“அந்தப் பக்கமிருந்துல்ல வர்றீங்க?”

“ஏற்றியது இங்கே. தேநீர் குடிக்க அந்தப் பக்கம் போனோம்.”

சிஜு வாயைப் பிளந்து அண்ணனைப் பார்த்தான்.

“அப்ப எழுதிக் குடுத்துட்டுப் போங்க,” என்றார் கான்ஸ்டபிள்.

தேவகுமார் பையைத் துழாவினார். லேகாவின் நோட்டீஸ்தான் இருந்தது. அதன் வெறும் பின்பக்கத்தில், ‘இந்த லோடு முழுவதும் தமிழ்நாட்டுக் கழிவு என்று உறுதி கூறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது முதல் கடிதம். கான்ஸ்டபிள் அதைப் போனில் படம் எடுத்து ஸ்டேஷன் குரூப்பில் போட்டார். தாளைத் தன் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவோடு விட்டிருக்கலாம். ஆள் கடமை தவறாதவர். சாக்பீஸ் எடுத்து லாரியின் பக்கவாட்டில் பெரிதாக ‘த.நா. கழிவு’ என்று எழுதி, ஒரு டிக்கும் போட்டுவிட்டார்.

“பாத்தியாலே? ஆளைப் பாத்துப் பேசணும்,” என்று தேவகுமார் சிஜுவுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே முந்நூறு மீட்டர் முடிந்துவிட்டது. மறுமுனையில் கேரளத்து ஜீப் ஒன்று சாலையை மறித்து நின்றது. ஜீப்பில் சாய்ந்துகொண்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர். கழிவு லாரி பிடிக்கும் ஸ்குவாடாம்.

ஜீப் டிரைவர் லாரியின் பக்கவாட்டை எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னதும் இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது.

“தமிழ்நாட்டிலெ வேஸ்டு கேரளத்தில் தட்டான் வந்நதாணோ?”

தேவகுமாரின் நாக்கு மறுபடியும் மாறியது. “அய்யோ, அல்லா சாறே! இது நம்முடெ கேரளத்திலெ வேஸ்டாணு! நல்ல அசல் கேரளா வேஸ்டாணு!”

“பின்னெ இது எந்தா எழுதியிருக்குந்நது?”

“அது அவங்க சும்மா எழுதினதாக்கும் சாறே.”

“எங்கில் நிங்ஙள் எழுதித் தா.”

சிஜுவின் டிரிப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் கிழித்து, கைதவிளைக் குன்றில் எடுத்த கேரளக் கழிவு இது என்று மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார். அது இரண்டாவது கடிதம். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை வாசித்தார். சமாதானம் ஆன மாதிரித்தான் இருந்தது.

“செரி. கேரளா வேஸ்டு. அப்போ பஞ்சாயத்து பெர்மிட் எவிடெ?”

தேவகுமார் விழித்தார். பெர்மிட் என்று ஒன்று இருப்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும்.

“பெர்மிட் இல்லெங்கில் எடுத்த ஸ்தலத்தேக்குக் கொண்டு பொய்க்கோ!”

எடுத்த இடம்! நாலு மணிக்கு ஒரு கல் கிடக்கக் கூடாத இடம்! தேவகுமார் தலையில் அடித்துக்கொண்டு லாரியில் ஏறினார். குன்றின் அடிவாரம் வரைக்கும் போனால் வேறு ஏதாவது யோசிக்கலாம்.

தடுப்பின் அருகே கான்ஸ்டபிள் வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார்.

“யோவ், எங்க போறீங்க?”

“திரும்பிப் போறோம் ஐயா.”

“அது கேரளாய்யா! தமிழ்நாட்டுக் கழிவக் கேரளாவுல கொட்ட விட்டேன்னு எங்க எஸ்.ஐ. குரூப்புல கிழிகிழின்னு கிழிச்சுட்டாரு. நாளைக்கு டிவியில வந்தா என் வேலை போயிரும். இதத் தாண்டி ஒரு அடி போகக் கூடாது.”

தேவகுமார் குரலை இறக்கினார். “ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கேரளக் கழிவு.”

“அப்ப கேரளக் கழிவையா தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு வந்தீங்க? அதுக்குத் தனி கேசு!” கான்ஸ்டபிள் பையிலிருந்து ரோஸ் தாளை எடுத்து ஆட்டினார். “கையெழுத்து உங்களுதுதானே?”

கையெழுத்து அவருடையதுதான். பத்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய கையெழுத்து.

ஆக, முன்னால் போனால் தமிழ்நாட்டுக் கழிவு. பின்னால் போனால் கேரளக் கழிவு. முந்நூறு மீட்டர் சாலையில் டிப்பர் லாரி குறுக்கே மறித்தபடி நின்றது. பத்தரை ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று, ஒரு மணியும் ஆயிற்று. இரண்டு பக்கமும் ஆட்டோவும் பைக்கும் நிறைந்து, எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். ஓரத்தில் டீக்கடை வைத்திருந்த விஜயம்மாவுக்கு மட்டும் நல்ல வியாபாரம். “இந்த லோடு டெய்லி வந்தா கொள்ளாமே,” என்று அவள் சொன்னது தேவகுமாரின் காதில் விழுந்தது.

போன் அடித்தது. மறுபடியும் தெரியாத நம்பர்.

“மேனேஜர் சாறே, கெணத்து மதிலு இடிஞ்சு விழுந்தது கிடக்கு. ஒரு லோடு வரும். எப்பம் கொண்டு வரணும்?”

“இப்பமே கொண்டு வாரும்வே! எந் தலையிலெ தட்டும்!”

“தலையிலெயா?” அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. “திங்கட்கிழமெ எண்ணுல்லா சொன்னாவ?”

தேவகுமார் போனை வைத்தார். எவனோ வீடியோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் விட்டிருக்கிறான். சந்தேகமே இல்லை. ஊரே கூடிச் சிரிக்கிறது. ஒரு மணி நேரத்தில் இன்னும் ஐந்து அழைப்பு வந்தது. ஒருவர் உடைந்த ஓடு இருக்கிறது என்றார். ஒருவர் துருப்பிடித்த கட்டில் என்றார். ஒரு அம்மா மிகவும் மரியாதையாக, பழைய குளோசெட் எடுப்பீர்களா என்று கேட்டாள். அந்த அம்மாவிடம் தேவகுமார் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆறாவது அழைப்பு அபினுடையது.

“அங்கிள், நான் திருவனந்தபுரத்திலிருந்து இறங்கியாச்சு. இடம் கிளியர்தானே?”

“இடம் சுத்தமா கிளியர் சாறே!” அது சத்தியம். குன்றின் மேல் ஒரு கூழாங்கல்கூட இல்லை.

“வழி?”

தேவகுமார் எதிரே நின்ற லாரியைப் பார்த்தார். அபினின் கார் இந்த வழியாகத்தான் வர வேண்டும். “வழியும்... நீங்க வாறதுக்குள்ளெ கிளியர் ஆகும் சாறே.”

நெரிசல் முற்றியதும் இன்ஸ்பெக்டர் நடந்தே வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் பேச வராது. கான்ஸ்டபிளுக்கு மலையாளம் அறவே தெரியாது. மொழிபெயர்க்க இரண்டும் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அங்கே சும்மா நின்றது தேவகுமார்தான்.

“இயாள் பெருங்கள்ளனாணு,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“என்ன சொல்றாரு?”

“என்னைப் பெரிய திருடன் என்கிறார் ஐயா,” என்று தேவகுமார் நல்ல தமிழில் மொழிபெயர்த்தார்.

“கரெக்டுன்னு சொல்லுங்க. காலையில என்கிட்ட என்னா நடிப்பு!”

அதையும் மலையாளத்தில் சொன்னார். இரண்டு அதிகாரிகளும் முதன்முறையாக ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டார்கள். பிறகு பேச்சு சுமுகமாக நடந்தது. இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டர் தீர்ப்புச் சொன்னார். அதைத் தேவகுமாரே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

“இது கேரளக் கழிவும் இல்லையாம். தமிழ்நாட்டுக் கழிவும் இல்லையாம். தேவகுமார் கழிவாம். தேவகுமார் வீட்டில் கொண்டுபோய்த் தட்டினால் இரண்டு பேருக்கும் ஆட்சேபணை இல்லையாம்.”

“அதான்யா சரி!” என்றார் கான்ஸ்டபிள்.

‘இந்த லோடு என் சொந்தக் கழிவு’ என்று இரண்டு மொழியிலும் எழுதி மூன்றாவது கடிதமும் கொடுத்தாயிற்று. மணி மூன்று. வேறு வழி இல்லை. தேவகுமாரின் வீடு தடுப்பைத் தாண்டி, கைதவிளைப் பக்கம் சாலையோரத்திலேயே இருந்தது.

அந்த வீட்டு முற்றத்தில் சத்தியபாய் போன மாசம்தான் இன்டர்லாக் கல் பதித்திருந்தாள். சிவப்பும் சாம்பலும் கலந்த டிசைன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் நடக்க வேண்டும். ஓரமாக வரிசையாக ஆந்தூரியம் சட்டிகள். டிப்பர் பின்பக்கமாகக் கேட்டுக்குள் நுழைந்தபோது அவள் போனில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளரிடம் எக்ஸ்போர்ட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, எங்கெ தட்டணும்?” என்று கேட்டான் சிஜு.

தேவகுமார் கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டினார்.

சத்தம் பாறசாலை வரைக்கும் கேட்டிருக்கும். தூசி அடங்கியபோது இன்டர்லாக் இல்லை, ஆந்தூரியம் இல்லை. கேட்டை மூட வழி இல்லை. கார்போர்ச்சில் நின்ற ஸ்கூட்டர் குவியலுக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டது. சத்தியபாய் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். மறுமுனையில், “என்ன சத்தம் அது? லோடு இறங்குதா?” என்று செயலாளர் கேட்பது கேட்டது.

“நாலு மணிக்கு வேலெ கிட்டும், உறப்பு,” என்றார் தேவகுமார். “அதுவரெ ஒண்ணும் கேக்கப்பிடாது.”

“திரும்பி வாங்க, ஆறு மணிக்குக் கேக்குதேன்,” என்றாள் சத்தியபாய். அவள் கத்தியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஸ்கூட்டர் இல்லாமல் வெயிலில் நடையைக் கட்டினார். நூறு அடி போவதற்குள் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. அபின். வழி கிளியர்தான்.

“ஏறுங்க அங்கிள். ஆபீசர்மார் பின்னாலெ வாறாங்க. அதிருக்கட்டும், அது யாருடெ வீடு?” அபின் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

தேவகுமார் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார். “எது சாறே?”

“முற்றம் நிறையெ கல்லும் கம்பியும் கொட்டிப் போட்டிருக்கே, அது. கேட்டிலெ ஒரு அம்மா நின்னு உங்களெ பாத்துக் கையெ ஆட்டுதாங்களே?”

சத்தியபாய் ஆட்டியது கையைத்தான். ஆனால் அது வழியனுப்பும் ஆட்டம் இல்லை.

“தெரியாது சாறே. பரிச்சயம் இல்லாத ஆளுகளாக்கும்.” முப்பது வருஷத் தாம்பத்தியத்தை ஒரே வாக்கியத்தில் கை கழுவினார்.

அபின் போனை எடுத்து அந்தக் குவியலைப் படம் பிடித்தார். ஒன்றல்ல, மூன்று படம். “அந்த வீட்டு ஆளெ கண்டுபிடிக்கணும் அங்கிள். திங்கட்கிழமெ எனக்கு அவரெ நேரில் காணணும்.”

“காணலாம் சாறே,” என்று தேவகுமார் முனகினார்.

குன்றின் மேல் எல்லாம் எழுதிவைத்த மாதிரி நடந்தது. அதிகாரிகள் டேப் பிடித்து அளந்தார்கள். காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். ஒரு ஆணிகூட அகப்படவில்லை. லைசென்ஸில் கையெழுத்து விழுந்தது. அபின் மகிழ்ச்சியோடு தேவகுமாரின் கையைக் குலுக்கி, மேனேஜர் வேலைக்கான ஆர்டரைக் கொடுத்தார். தேவகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் யாரோ ஒருவர் ஆகியிருக்கிறார்.

“ஒண்ணே ஒண்ணு அங்கிள். திங்கட்கிழமெ பத்து மணிக்கு உத்காடனம், திறப்பு விழா. முதல் லோடு கேட்டுக்குள்ளெ ஏறி வாறதெ போட்டோ எடுக்கணும். அது உங்க பொறுப்பு.”

“முதல் லோடா?”

“ஆமா. நம்ம ஐட்டம்தான். உங்களுக்குத்தான் பழக்கம் உள்ளதாச்சே.”

“பின்னெ இல்லாமலா,” என்றது தேவகுமாரின் வாய்.

குன்றிலிருந்து நடந்து இறங்கும்போது அந்த மகிழ்ச்சி பாதிகூட மிஞ்சவில்லை. என்ன லோடு? ரப்பரா? முந்திரியா? மரச்சீனியா? எங்கே போய் வாங்குவது? திங்கட்கிழமை பத்து மணிக்கு லோடு வராது. அதே பத்து மணிக்கு, முற்றத்தில் குப்பை கொட்டியவர் யார் என்பதும் அபினுக்குத் தெரிந்துவிடும். ஆர்டர் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு நாளில் அதைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது அவருக்கு.

வீட்டு முற்றத்தில் குவியலின் இந்தப் பக்கம் சத்தியபாய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பொதி. பெயர்ப்பலகை வந்துவிட்டது. குவியலின் அந்தப் பக்கம், தோளில் சாக்கோடு லேகா நின்று லோடை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவகுமாருக்குக் காலையிலிருந்து அடக்கிவைத்தது எல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்னட்டீ பாக்குதா? இதையும் கழுவி உணக்கித் தரணுமா? தாறேன்! ஒவ்வொரு கல்லா சோப்புப் போட்டுக் கழுவி, கொடியிலெ காயப்போட்டுத் தாறேன்! போதுமா?”

போன் அடித்தது. தெரியாத நம்பர். அவர் போனைக் குவியலின் மேலேயே எறிந்தார். கம்பிகளுக்கு இடையில் கிடந்து அது விடாமல் அடித்தது.

லேகா பதறவில்லை. கோட்டுப் பையிலிருந்து இன்னொரு ரோஸ் நிறத் தாளை எடுத்து விரித்தாள்.

“இண்ணு காலத்தெ தந்த நோட்டீசெ வாசிக்கல்லெ, இல்லியா அண்ணா? ‘இடிச்ச கல்லு, உடைஞ்ச ஓடு, துருப்பிடிச்ச கம்பி, தகரம் எல்லாம் திங்கட்கிழமெ முதல் கைதவிளைக் குன்னிலெ கைதவிளா ரிசோர்ஸஸ் கம்பெனி எடுக்கும், லோடு உள்ளவிய மேனேஜர் தேவகுமாரெ விளிக்கணும்’ எண்ணு உங்க போன் நம்பரும் போட்டு ஊரு முழுக்க நான்தானே குடுத்தேன்!”